போன் ஃபுல் ஆயிடுச்சுன்னா முதல்ல அழிக்காதீங்க அக்கா

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்து கிராமத்துலேருந்து எழுதுறேன் தம்பி. மகளிர் குழுவுல கணக்கு வழக்கு பாக்குறேன். என் போன் 2 ஜிபி ரேம், 16 ஜிபி, ஆண்ட்ராய்டு 8. மக சிங்கப்பூர்லேருந்து பேத்தி வீடியோ அனுப்பும், எங்க மாமியார் தவறிப்போறதுக்கு முன்னாடி பேசி அனுப்புன வாய்ஸ் மெசேஜும் இதுலதான் இருக்கு. போன மழையில சம்பா வயல் முழுகினப்ப கணக்கெடுக்க வந்தவங்க போட்டோ கேட்டாங்க, எடுக்கப் போனா இடம் இல்லன்னு சொல்லிடுச்சு. நிறைய போட்டோ அழிச்சேன், இடம் வரவே இல்ல. கடையில காட்டினா மெமரி போச்சு புதுசு வாங்குங்கன்னுட்டாங்க. அண்ணன் மகன் ஏதோ க்ளீனர் ஆப் போட்டா சரியாயிடும்ங்குறான். எதைத் தொட்டா எது போயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?

பதில்:

வணக்கம் அக்கா. நான் கும்பகோணத்துல மொபைல் சர்வீஸ் பண்றேன், உங்களுது மாதிரி 2 ஜிபி 16 ஜிபி போன் இந்தப் பக்கத்து கிராமங்கள்ல இன்னும் எத்தனையோ வீட்டுல ஓடிக்கிட்டுதான் இருக்கு. நீங்க எழுதியிருக்கறத வச்சுப் பாத்தா உங்க போன் கெட்டுப்போகல, நிரம்பியிருக்கு, அவ்வளவுதான். ஆனா மத்த எதையும் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன், இன்னிக்கிலேருந்து எதையும் அழிக்கறத நிறுத்துங்க. எது போனா திரும்ப வராதோ அதை வேற ஒரு இடத்துலயும் வச்சதுக்கு அப்புறம்தான் அழிக்கற வேலை. அழிஞ்ச போட்டோவ எடுத்துக் குடுங்கன்னு கடைக்கு வந்து நிக்கறவங்ககிட்ட முடியாதுங்கன்னு சொல்றதுதான் இந்தத் தொழில்லயே எனக்கு ரொம்ப கஷ்டமான வேலை. கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்ல அழிஞ்சத ஓரளவு மீட்கலாம், ஆனா இப்ப இருக்கற போன்ல ஸ்டோரேஜ் முழுக்க பூட்டுப் போட்ட மாதிரி என்க்ரிப்ட் ஆகி இருக்கும், அழிச்ச இடத்த ஆண்ட்ராய்டே ராத்திரி சார்ஜ்ல கிடக்கறப்ப சுத்தமா தொடச்சும் விட்டுடும், அதனால ட்ராஷ்ங்கற குப்பைத் தொட்டியிலேருந்தும் போயிடுச்சுன்னா அனேகமா போனதுதான்.

கடையில மெமரி போச்சுன்னு பொத்தாம் பொதுவா சொல்லிட்டாங்க, ஆனா உங்க போன்ல இருக்கறது ரெண்டு. ரேம்ங்கறது களம் மாதிரி, வேலை நடக்கறப்ப மட்டும் பரப்பி வச்சு வேலை முடிஞ்சா வாரிடறது. ஸ்டோரேஜ்ங்கறது நெல் கொட்டி வைக்கற பத்தாயம், போட்டது போட்டபடி கிடக்கும். உங்களுக்கு போட்டோ எடுக்க விடாம பண்ணது பத்தாயம் நிரம்பினது. போன் திணறுறது, ஒரு ஆப்லேருந்து இன்னொண்ணுக்கு போனா பழசு மூடிக்கிட்டு முதல்லேருந்து தொறக்கறது, அதெல்லாம் களம் பத்தாம. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. முதல்ல ஸ்டோரேஜ் சமாச்சாரத்த பாத்துடுவோம், ஏன்னா அது ரொம்ப நிரம்பினாலே போன் மெதுவாயிடும், உள்ள இருக்கற சிப் புதுசா ஒண்ண எழுதணும்னா காலியான இடம் வேணும், இல்லன்னா பழசை ஒதுக்கி ஒதுக்கி எழுதவே நேரம் போயிடும்.

16 ஜிபின்னு பெட்டியில போட்டிருந்தாலும் முழுசா உங்க கைக்கு வராது. ஆண்ட்ராய்டும் கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த ஆப்பும் அஞ்சாறு ஜிபி முதல்லயே எடுத்துக்கும், மிச்சம் பத்து ஜிபி சொச்சம்தான் நமக்கு. அப்புறம் நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், போனோட வந்த ஆப்புங்க (கூகுள் மேப்ஸ், க்ரோம், யூட்யூப் இதெல்லாம்) ஒவ்வொரு தடவ அப்டேட் ஆகறப்பவும் பழசு சிஸ்டம் பகுதியில அப்படியே இருக்கும், புது பதிப்பு நம்ம பத்து ஜிபியில வந்து உக்காரும். நீங்க ஒரு போட்டோ கூட எடுக்கலன்னாலும் வருஷா வருஷம் இடம் குறையறது இதனாலதான். வாங்கின புதுசுல நல்லாத்தானே இருந்துச்சு, நான் என்ன தப்பு பண்ணேன்னு நினைக்காதீங்க, நீங்க ஒண்ணும் பண்ணல. காலி இடம் சுமார் 500 எம்பிக்குக் கீழ போனாலே ஆண்ட்ராய்டு இடம் இல்லன்னு கத்த ஆரம்பிச்சிடும், புது ஆப்பும் ஏறாது, அப்டேட்டும் நிக்கும், கேமராவும் மறுக்கும்.

சரி, அவ்வளவு போட்டோ அழிச்சும் ஏன் இடம் வரல? ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, அழிச்சது ட்ராஷ்ல கிடக்கும், சில போன்ல அதுக்கு ‘பின்’ (Bin)னு பேரு போட்டிருக்கும். தெரியாம அழிச்சிட்டா திரும்ப எடுத்துக்கட்டும்னு 30 நாள், சிலதுல 60 நாள் வரைக்கும் வச்சிருப்பாங்க, அதுவரைக்கும் இடம் உங்களுக்கு முழுசா திரும்பாது. அதுல ஒரு நல்லதும் இருக்கு அக்கா, பயத்துல எதாவது முக்கியமானத அழிச்சிருந்தீங்கன்னா இன்னிக்கே கேலரியில ட்ராஷ தொறந்து பாருங்க, இருந்தா ரீஸ்டோர் குடுங்க. இன்னொரு காரணம், இடத்தை எடுத்துக்கிட்டது போட்டோவே இல்ல, வாட்ஸப். வீடியோதான் பெருசு, அதுலயும் நீங்க கேலரியிலேருந்து யாருக்காவது ஒரு போட்டோவோ வீடியோவோ அனுப்பினா வாட்ஸப் அதுக்கு இன்னொரு காப்பி போட்டு சென்ட்ங்கற ஃபோல்டர்ல வச்சுக்கும், அந்த ஃபோல்டர் கேலரியில தெரியவே தெரியாது. குழு மீட்டிங் போட்டோவ மூணு குரூப்ல போடற ஆளா இருந்தீங்கன்னா உங்க போன்ல அந்த ஃபோல்டர் கண்டிப்பா கனமா இருக்கும்.

இப்ப எடுத்து வைக்கற வேலைக்கு வருவோம், இதுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, அவசரப்பட்டு பண்ணாதீங்க.

முதல்ல உங்க மாமியார் குரல். வாய்ஸ் மெசேஜ் ரொம்ப சின்ன ஃபைல், எத்தனை இருந்தாலும் ஒரு வீடியோ அளவுக்குக் கூட வராது, அதனால இடத்துக்காக அதைத் தொடவே தேவையில்ல. ஆனா ஒரே ஒரு போன்ல மட்டும் இருக்கறது ஆபத்து, போன் வாய்க்கால்ல விழுந்தா முடிஞ்சு போச்சு. அவங்க சாட்டைத் தொறந்து ஒவ்வொரு வாய்ஸ் மெசேஜையும் அழுத்திப் பிடிச்சு ஸ்டார் போடுங்க, அப்புறம் ஷேர் குடுத்து உங்க ஜிமெயிலுக்கே அனுப்பி வைங்க, மக வாட்ஸப்புக்கும் ஃபார்வர்ட் பண்ணி பத்திரமா வச்சுக்க சொல்லுங்க. ஸ்டார் எதுக்குன்னா, பின்னாடி எப்பவாவது அந்த சாட்டை க்ளியர் பண்ணப் போனீங்கன்னா ஸ்டார் போட்டதையும் சேத்து அழிக்கவான்னு தனியா கேக்கும், அந்த டிக்க எடுத்துட்டா அது மட்டும் தப்பிக்கும். இந்த வேலைய நாளைக்கு பாத்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க அக்கா, மத்தது எல்லாம் மெதுவா பண்ணிக்கலாம்.

அடுத்து குழு பாஸ்புக், தீர்மான நோட்டு, ஆதார், சிட்டா அடங்கல் இந்த போட்டோவெல்லாம். இதுவும் சின்னதுதான், எல்லாத்தையும் ஜிமெயில்ல உங்களுக்கே ஒரு மெயில் போட்டு வச்சுக்கிட்டா எந்த போன்லயும் தொறக்கலாம்.

பேத்தி வீடியோவும் பழைய போட்டோவும்தான் பெரிய மூட்டை. அதுக்கு மூணு வழி இருக்கு, எனக்குப் பிடிச்சது ஓடிஜி பென்டிரைவ். போன் சார்ஜர் குத்தற இடத்துலயே நேரா குத்தற மாதிரி பென்டிரைவ் கிடைக்கும், வாங்கறப்ப உங்க போனையே கையோட கொண்டுபோய் குத்திப் பாத்து வேலை செஞ்சா வாங்குங்க, ஏன்னா சில பழைய போன் அதை எடுத்துக்காது. ஃபைல் மேனேஜர்ல வேணுங்கற ஃபோல்டர செலக்ட் பண்ணி காப்பி குடுங்க, மூவ் குடுக்காதீங்க. மூவ் குடுத்து நடுவுல கேபிள் ஆடிச்சுன்னா ரெண்டு பக்கமும் இல்லாம போயிடலாம். காப்பி ஆனதும் பென்டிரைவ்லேருந்தே ஒண்ணு ரெண்டு வீடியோ ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் போன்ல அழிங்க.

ரெண்டாவது மெமரி கார்டு. கார்டு போடறது தப்பில்ல, கேமரா செட்டிங்ஸ்ல சேமிக்கற இடத்த எஸ்டி கார்டுன்னு மாத்திட்டா இனிமே எடுக்கற போட்டோ அங்க போயிடும். ஆனா கார்டு சொல்லாம கொள்ளாம ஒரு நாள் செத்துப் போகும், அதனால ஒரே காப்பிய அதுல மட்டும் வச்சுப்புடாதீங்க. கார்டு போட்டவுடனே இன்டர்னல் ஸ்டோரேஜா பயன்படுத்தவான்னு சில போன் கேக்கும், வேணாம்னு சொல்லிடுங்க. அப்படி போட்டா கார்டு அந்த போனோட மட்டும் பூட்டிக்கும், போன் கெட்டா கார்ட கழட்டி வேற எதுலயும் படிக்க முடியாது. அப்புறம் சந்தையிலயும் ஆன்லைன்லயும் 512 ஜிபி, 1 டிபின்னு அடிமாட்டு விலைக்கு விக்கறது அத்தனையும் போலி, உள்ள இருக்கறது கொஞ்சூண்டு இடம்தான், அது நிரம்பினதும் பழச மேலயே எழுதி நாசம் பண்ணிடும், போட்டோ பேரு தெரியும் தொறந்தா ஒண்ணும் இருக்காது. நல்ல கம்பெனி 32 ஜிபி கார்டு, க்ளாஸ் 10ன்னு போட்டிருக்கறது, பில்லோட வாங்குங்க, அது போதும்.

மூணாவது கூகுள் போட்டோஸ், போட்டோவ இன்டர்நெட் வழியா மேல கூகுள்கிட்ட ஏத்தி வைக்கற ஆப். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேத்து 15 ஜிபி ஃப்ரீ. முன்னாடி எவ்வளவு வேணா ஏத்தலாம்னு இருந்துச்சு, 2021 ஜூன் 1லேருந்து அது கிடையாது, உங்க வாட்ஸப் பேக்கப்பும் இப்ப அந்த 15லதான் கணக்கு. செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் சேவர்னு வச்சீங்கன்னா கொஞ்சம் சுருக்கி ஏத்தும், போன்ல பாக்க வித்தியாசம் தெரியாது. தினம் ராத்திரி மிச்சமாகுற டேட்டால ஏறட்டும்னு விட்டா சில வாரத்துல ஏறிடும், மொபைல் டேட்டால பேக்கப் பண்ண தனியா அனுமதி குடுக்கணும், இல்லன்னா வைஃபைக்கு காத்துக்கிட்டே இருக்கும். எல்லாம் ஏறினதும் அந்த ஆப்லயே ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கு, அது மேல ஏறி முடிஞ்சத மட்டும் போன்லேருந்து எடுக்கும். அதைத்தான் அழுத்தணும். அதை விட்டுட்டு, மேலதான் ஏறிடுச்சேன்னு கூகுள் போட்டோஸ்குள்ள போட்டோவ செலக்ட் பண்ணி டெலிட் குடுத்தீங்கன்னா மேலயும் போயிடும் போன்லயும் போயிடும். இந்த ஒரு விஷயத்துல ஏமாந்தவங்க ரொம்ப பேரு, புள்ள கல்யாண போட்டோவ இப்படி பறிகொடுத்தவங்க அழறத பாத்திருக்கேன், அதனால ரெண்டு தடவ படிச்சுக்குங்க.

எடுத்து வச்சாச்சா, இப்ப அழிக்கலாம். வாட்ஸப் தொறந்து மூணு புள்ளி, செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். போன் தமிழ்ல வச்சிருந்தா பேரு மாறியிருக்கும், இடம் அதேதான். மேலயே நிறைய தடவ ஃபார்வர்ட் ஆனதுன்னு ஒரு கட்டு, 5 எம்பிக்கு மேல இருக்கறதுன்னு ஒரு கட்டு காட்டும். ஃபார்வர்ட் கட்ட கண்ண மூடிக்கிட்டு மொத்தமா அழிக்கலாம், குட்மார்னிங், சாமி படம், காமெடி வீடியோ, மேட்டூர் தண்ணி தொறந்தப்ப வந்த அதே வீடியோ எட்டு குரூப்லேருந்து எட்டு தடவ, எல்லாம் அதுலதான் இருக்கும். 5 எம்பி கட்ட மட்டும் நிதானமா ஒவ்வொண்ணா பாருங்க, பேத்தி வீடியோ அதுக்குள்ளதான் கலந்திருக்கும். அதுக்குக் கீழ எந்த குரூப் எவ்வளவு எடுத்திருக்குன்னு பெருசுலேருந்து சின்னதா வரிசையா நிக்கும், முதல் நாலு பேர சரி பண்ணாலே பாதி வேலை முடிஞ்சுடும். வாட்ஸப்ல அழிச்ச பழைய வீடியோவ மறுபடி தட்டினா வரும்னு நம்பாதீங்க, கொஞ்ச நாளுக்கு மேல அவங்க சர்வர்ல வச்சிருக்க மாட்டாங்க, அனுப்பினவங்கதான் திரும்ப அனுப்பணும்.

அப்புறம் ஃபைல் மேனேஜர்ல வாட்ஸப் ஃபோல்டருக்குள்ள (சில போன்ல ஆண்ட்ராய்டு, மீடியான்னு உள்ள போய் தேடணும்) மீடியா, அதுல இமேஜஸ், வீடியோ ரெண்டுத்துலயும் சென்ட்னு இருக்கும், அதுக்குள்ள இருக்கறது நீங்க அனுப்பினதோட காப்பி, ஒரிஜினல் கேலரியில இருக்கான்னு பாத்துட்டு காலி பண்ணலாம். பக்கத்துலயே டேட்டாபேசஸ்னு ஒரு ஃபோல்டர், அதுல ஒரு வாரத்து பேக்கப் தேதி தேதியா கிடக்கும், குரூப் நிறைய இருக்கற போன்ல ஒவ்வொண்ணும் நூறு இருநூறு எம்பி கூட இருக்கும். தேதி போட்ட பழசுங்கள அழிக்கலாம், தேதி போடாத அந்த ஒண்ண தொடாதீங்க, அதுதான் கடைசி பேக்கப். இது புரியலன்னா விட்டுடுங்க, பரவால்ல.

மறுபடி நிரம்பாம இருக்க அதே ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா பக்கத்துல மீடியா ஆட்டோ டவுன்லோட்ல மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூணுத்துலயும் எல்லா டிக்கையும் எடுத்துடுங்க. இனிமே வாய்ஸ் மெசேஜ் தவிர வேற எதுவும் தானா இறங்காது, மங்கலா தெரியும், வேணுங்கறத நீங்க தட்டினா இறங்கும். இத்தனை சொன்னதுல உங்களுக்கு ரொம்ப நாளைக்கு உதவப் போறது இந்த ஒண்ணுதான். இதோட இன்னொண்ணும் சொல்லிடறேன், வந்ததையெல்லாம் தட்டி இறக்காதீங்க, முக்கியமா பிஎம் கிசான் லிஸ்ட், பயிர் இன்சூரன்ஸ் லிஸ்ட்னு ஏபிகேன்னு முடியற ஃபைல் குரூப்ல வந்தா தெரிஞ்சவங்களே அனுப்பியிருந்தாலும் தொறக்காதீங்க, அழிச்சிடுங்க. அவங்க போன்ல புகுந்துதான் அது உங்களுக்கு வந்திருக்கும், அத இன்ஸ்டால் பண்ணா ஓடிபி வரைக்கும் படிச்சு பேங்க் பணத்த எடுத்துடுவான். உங்க ஆண்ட்ராய்டு 8க்கு இப்ப கூகுள்லேருந்து பாதுகாப்பு அப்டேட் வர்றதில்ல, அதனால நீங்கதான் கூடுதலா கவனமா இருக்கணும்.

அண்ணன் மகன்கிட்ட அந்த க்ளீனர் ஆப் வேணாம்னு சொல்லிடுங்க. அதுவே இடம் பிடிக்கும், விளம்பரம் காட்டும், ரேம க்ளீன் பண்றேன்னு ஓடற ஆப்ப எல்லாம் கொன்னுடும், அது அடுத்த நிமிஷமே திரும்ப எழுந்து வரும், அப்படி எழுந்து எழுந்து வர்றதுலதான் பேட்டரியும் போகும் போனும் திணறும். ரேம் பத்தலன்னா எதை மூடணும்னு ஆண்ட்ராய்டுக்கே தெரியும். ஆப்பே வேணும்னா கூகுளோட ஃபைல்ஸ் ஆப் போதும், ஒரே படம் ரெண்டு தடவ இருக்கறது, பெரிய ஃபைல் எல்லாம் காட்டும், நீங்க சரின்னு சொன்னாதான் அழிக்கும்.

செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போய் ஒவ்வொண்ணா தொறந்தா ஸ்டோரேஜ்ல க்ளியர் கேஷ், க்ளியர் டேட்டான்னு ரெண்டு பட்டன் இருக்கும். கேஷ்ங்கறது ஆப் தற்காலிகமா சேத்து வச்சிருக்கறது, அதை அழிச்சா ஒண்ணும் ஆகாது, க்ரோம், ஃபேஸ்புக், யூட்யூப் இதுலெல்லாம் அழுத்துங்க. டேட்டாங்கறத வாட்ஸப்லயும் பேங்க் ஆப்லயும் கூகுள் பே, போன்பே மாதிரி ஆப்லயும் எக்காரணத்துக்கும் அழுத்திப்புடாதீங்க, வாட்ஸப்ல மெசேஜ் போயிடும், பண ஆப்ல திரும்ப முதல்லேருந்து பதிவு பண்ணணும். போனோட வந்து நீங்க பயன்படுத்தாத ஆப்ப பெரும்பாலும் அன்இன்ஸ்டால் பண்ண முடியாது, ஆனா டிஸேபிள் குடுக்கலாம், அப்டேட்டையும் எடுத்துடவான்னு கேக்கும், சரின்னு குடுங்க, நான் மேல சொன்ன அந்த புது பதிப்பு காலியாகி இடம் திரும்ப வரும். கூகுள் ப்ளே சர்வீசஸ்னு இருக்கறத மட்டும் தொடாதீங்க, அது இல்லாம பாதி ஆப் ஓடாது.

ரேம் விஷயம் சுருக்கமா சொல்றேன், 2 ஜிபிய 4 ஜிபி ஆக்க எந்தக் கடையாலயும் முடியாது, அது போர்டோட ஒட்டினது. ஃபேஸ்புக்குக்கு பதிலா ஃபேஸ்புக் லைட் வைங்க, அசையற வால்பேப்பர் இருந்தா எடுங்க, வாரம் ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணுங்க. பேங்க் ஆப் தொறக்கறப்ப அதுக்கு முன்னாடி யூட்யூப மூடிடுங்க, ஓடிபி பாக்க மெசேஜ் போயிட்டு வர்றதுக்குள்ள பேங்க் ஆப் மூடிக்கறது இதனாலதான்.

வயல் போட்டோவுக்கு மட்டும் தனியா சொல்றேன், இது பணமும் உழைப்பும் சம்பந்தப்பட்டது. புரட்டாசி முடியறதுக்குள்ள போன்ல 1 ஜிபியாவது காலியா இருக்கற மாதிரி பண்ணி வைங்க, ஐப்பசி கார்த்திகையில மழை அடிச்சு தண்ணி வடியாம நிக்கறப்ப உக்காந்து அழிச்சுக்கிட்டு இருக்க முடியாது. வீடியோ நீளமா எடுக்காதீங்க, 1080ல ஒரு நிமிஷ வீடியோ நூறு எம்பிக்கு மேல போயிடும், கேமரா செட்டிங்ஸ்ல 720க்கு மாத்தினா பாதிக்குப் பாதி மிச்சம். போட்டோதான் முக்கியம், கேமராவுல லொக்கேஷன ஆன் பண்ணிட்டு எடுத்தா எந்த இடம், எந்த நேரம்னு போட்டோவுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். ஆனா அதை வாட்ஸப்ல சாதா போட்டோவா அனுப்பினா அந்த விவரம் எல்லாம் போயிடும், படமும் சுருங்கிடும். கிளிப் படத்த அழுத்தி டாக்குமென்ட்னு தேர்ந்தெடுத்து அனுப்பினா அப்படியே போய்ச் சேரும். யாருக்கு அனுப்பினாலும் ஒரிஜினல் உங்க போன்லயும் பென்டிரைவ்லயும் இருக்கணும், தொகை வந்து சேர்ற வரைக்கும் அழிக்காதீங்க.

புதுசு வாங்கணுமான்னு கேட்டா, இப்ப உடனே வேணாம் அக்கா. மேல சொன்னதெல்லாம் பண்ணா நாலஞ்சு ஜிபி திரும்ப வர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. எல்லாம் பண்ணியும் மாசா மாசம் நிரம்புனா, இல்ல பேங்க் ஆப் இந்த ஆண்ட்ராய்டுல ஓடாதுன்னு சொல்லிடுச்சுன்னா அப்ப வாங்குங்க, 4 ஜிபி ரேம் 64 ஜிபிக்குக் கம்மியா வாங்காதீங்க, கடன் வாங்கி பெரிய போனும் வேணாம். வாங்கினா பழைய போன எக்ஸ்சேஞ்சுக்கு உடனே குடுத்துடாதீங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு பழைய போன் வாட்ஸப் செட்டிங்ஸ், சாட்ஸ், ட்ரான்ஸ்ஃபர் சாட்ஸ் போனா புது போன்ல காட்டற கியூஆர் கோட ஸ்கேன் பண்ணி எல்லா சாட்டையும் நேரா மாத்திக்கலாம், மாமியார் வாய்ஸ் மெசேஜ் புது போன்ல ஓடுதான்னு கேட்டுப் பாத்துட்டு, ஒரு மாசம் வீட்டுலயே வச்சிருந்து, அதுக்கப்புறம் பழச ரீசெட் பண்ணிக் குடுங்க. ரீசெட்டுக்கு முன்னாடி உங்க ஜிமெயில் பாஸ்வேர்ட ஒரு நோட்டுல எழுதி வச்சுக்குங்க, அது தெரியலன்னா ரீசெட் பண்ண போன் பூட்டிக்கிட்டு நிக்கலாம், அப்படி ஆச்சுன்னா யாரு வாங்கினாலும் தொறக்க முடியாது.